தலையில் அடிபடும் முன்பே ஒரு பேஸ்லைன்: ஒன்ராறியோ விளையாட்டுக் குடும்பங்களுக்கு

ஹொக்கி, றக்பி, போட்டி உதைபந்தாட்டம் என்று பிள்ளையைப் பதிவு செய்யும் காலத்தில் கழகத்திலிருந்து வரும் மின்னஞ்சலில் சில வேளை ஒரு வரி இருக்கும்: சீசன் தொடங்க முன்னர் பேஸ்லைன் பரிசோதனை (தலையில் அடிபட முன்னரே ஒருவரின் வழமை நிலையை அளந்து வைப்பது) செய்துகொள்ளுங்கள். கூடவே ஏதோ ஒரு கிளினிக்கின் கழிவு விலை விளம்பரமும் வரும். இது கட்டாயமா, அங்கே என்ன செய்வார்கள், கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. பழைய மாணவர் சங்கச் சுற்றுப்போட்டியில் நாற்பது வயதிலும் கோல் காக்கிறவருக்கும், கோடை முழுக்கச் சைக்கிள் ஓடுகிறவருக்கும், கராத்தே வகுப்புக்குப் போகிறவருக்கும் தலை ஒன்றுதான்.

முதலில் இது எதற்கு என்று பார்ப்போம். தலையிலோ கழுத்திலோ உடம்பிலோ விழும் அடியால் மூளை குலுங்கி, அதன் வேலை சில நாட்களுக்கோ கிழமைகளுக்கோ குழம்புவதைத்தான் கன்கஷன், அதாவது மூளை அதிர்வு என்கிறோம். சி.டி. ஸ்கான் எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்கான் தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்வை அதில் காண முடியாது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்ற நம்பிக்கையும் பிழை. மூளை அதிர்வு வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட நினைவிழப்பதில்லை. ஆகவே வைத்தியர் நம்பியிருப்பது ஆளைத்தான்: தலையிடி இருக்கிறதா, சொன்னது ஞாபகம் நிற்கிறதா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா.

சிக்கல் எங்கே என்றால், நல்லாக இருக்கும் மனிதர்களே இவற்றில் ஒரே மாதிரி இருப்பதில்லை. பத்துச் சொற்களைக் கேட்டுவிட்டு எப்போதும் ஆறைத்தான் திருப்பிச் சொல்லும் பிள்ளை ஒன்று, பத்தையும் கடகடவென்று ஒப்புவிக்கும் பிள்ளை ஒன்று. அடிபட்ட பிறகு இருவரும் ஆறு சொற்கள் சொன்னால் முதலாவது பிள்ளைக்கு அது வழமை, இரண்டாவது பிள்ளைக்கு அது பெரிய இறக்கம். போன மாத மீற்றர் வாசிப்பு இல்லாமல் இந்த மாத மின்சாரப் பாவனையைக் கணக்கிட முடியாதது போலத்தான் இதுவும். பேஸ்லைன் என்பது அந்தப் பழைய வாசிப்பு. அடிபட முன்னர், நல்ல உடல்நிலையில், ஒருவருடைய ஞாபகம், கவனம், சமநிலை, வழமையான சின்னச் சின்ன உபாதைகள் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைப்பது.

கட்டாயமா?

இல்லை. இதில் பலர் குழம்புகிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, பாடசாலை றக்பி அணியின் தலைவி. 2013 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டும், அது மூளை அதிர்வு என்று யாரும் கண்டறியாத நிலையில் தொடர்ந்து விளையாடி, கடைசி அடிக்குப் பிறகு உயிரிழந்தார். அதைத் தொடர்ந்த மரண விசாரணையின் பரிந்துரைகளிலிருந்து 2018இல் வந்ததுதான் இந்தச் சட்டம்.

சட்டம் கேட்பவை வேறு. 26 வயதுக்குக் குறைந்த விளையாட்டு வீரர்கள், 18க்குக் கீழ் என்றால் பெற்றோரும், ஒவ்வொரு வருடமும் மூளை அதிர்வு பற்றிய அரசின் விளக்கக் கையேட்டை வாசித்து உறுதிப்படுத்த வேண்டும். நடத்தை விதிகளை ஏற்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆளை உடனே மைதானத்திலிருந்து எடுக்க வேண்டும். மறுபடி விளையாட விட முன்னர் ஒரு வைத்தியரோ நேர்ஸ் பிரக்டிஷனரோ (நோயைக் கண்டறிய உரிமை உள்ள, மேல் பயிற்சி பெற்ற நேர்ஸ்) பார்த்திருக்க வேண்டும். பேஸ்லைன் இந்தப் பட்டியலில் இல்லை. கனடாவின் காயத் தடுப்பு அமைப்பான பாராஷூட்டும் எல்லா இளம் வீரர்களுக்கும் இது தேவை என்று சொல்வதில்லை. பேஸ்லைன் இல்லாவிட்டாலும் மூளை அதிர்வைக் கண்டறிந்து நல்ல சிகிச்சை கொடுக்கலாம் என்பதே அதன் நிலைப்பாடு. 2022இல் அம்ஸ்ரடாமில் கூடி, 2023இல் தங்கள் முடிவுகளை வெளியிட்ட விளையாட்டு மருத்துவ நிபுணர்களும் இதைப் பயன் தரக்கூடியது என்றார்கள், அவசியம் என்று சொல்லவில்லை.

அப்படியென்றால் யாருக்குச் செய்யலாம்? என் கருத்தைக் கேட்டால், வார இறுதியில் புல்வெளியில் பந்து உதைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். உடம்போடு உடம்பு மோதும் விளையாட்டைப் போட்டியாக ஆடும் பதின்ம வயதினர், ஏற்கனவே ஒருமுறையாவது மூளை அதிர்வு வந்தவர்கள், அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், கவனக்குறைபாடோ கற்றல் சிரமமோ பதட்டமோ மன அழுத்தமோ உள்ளவர்கள் ஆகியோருக்குச் செய்தால் பலன் உண்டு. இவர்களின் வழமை நிலையே பொதுச் சராசரியிலிருந்து விலகி இருக்கக்கூடும் என்பதால், பின்னால் ஒப்பிட ஒரு சொந்த அளவு இருப்பது வைத்தியருக்கு உதவும்.

எங்கே செய்வது

பிசியோதெரபி, கைரோபிரக்டிக், விளையாட்டு மருத்துவக் கிளினிக்குகள் பல இதைச் செய்கின்றன. கிளினிக்கில் செய்யும் பேஸ்லைனுக்கு ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, பணம் கொடுப்பதில்லை. வேலையிடத்துக் காப்புறுதி சில வேளை ஏற்கும். போக முன்னர் காப்புறுதிக் கம்பனியிடம் கேட்டுவிடுங்கள். கிளினிக்கிடம் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். என்னென்ன பரிசோதனைகள் செய்வீர்கள்? செய்கிறவர் யார், அவருக்கு இதில் பயிற்சி உண்டா? முடிவின் முழுப் பிரதி என் கைக்கு வருமா? அடிபட்டால் எத்தனை நாளுக்குள் பார்ப்பீர்கள், உங்களோடு வேலை செய்யும் வைத்தியர் இருக்கிறாரா?

நான்காவது கேள்வி முக்கியம். பேஸ்லைனை யார் செய்தாலும், ரோவன் சட்டத்தின்படி அடிபட்ட பிறகு மருத்துவ மதிப்பீடு செய்ய வேண்டியவர் வைத்தியர் அல்லது நேர்ஸ் பிரக்டிஷனர். பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மறுபடி விளையாடலாம் என்று கழகத்துக்குக் காட்டும் கடிதத்தை அவரால் தர முடியாது. இது தெரியாமல் கிளினிக்குக்கு மட்டும் போய்வந்து, கழகம் திருப்பி அனுப்பிய பிறகு குடும்ப வைத்தியரிடம் நேரம் கிடைக்காமல் அலைகிற பெற்றோர் உண்டு.

கழகமே எல்லாரையும் ஒரே அறையில் இருத்திக் கணினியில் செய்விக்கும் முறையும் இருக்கிறது. மலிவுதான். ஆனால் இருபது பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டு செய்யும் கவனப் பரிசோதனையில் எவ்வளவு கவனம் இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தனியாகச் செய்யுங்கள்.

நாளும் ஆயத்தமும்

சீசன் தொடங்க முன்னர், உடம்பு நல்லாக இருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். தடிமன், காய்ச்சல் உள்ள நாள் வேண்டாம். பரீட்சைக் கிழமை வேண்டாம். முதல் நாள் கல்யாண வீட்டில் நடுச்சாமம் வரை நின்றுவிட்டு வந்த நாளும் வேண்டாம். பயிற்சி முடிந்த கையோடு வியர்வையுடன் ஓடிப்போகவும் கூடாது. உடம்பு ஆறி, இதயத் துடிப்பு வழமைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும், குறைந்தது பத்து நிமிட ஓய்வாவது வேண்டும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு போகட்டும். தினமும் எடுக்கும் மருந்துகளை அன்றும் வழமைபோல எடுக்கட்டும்.

வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: முன்னர் தலையில் அடிபட்ட சந்தர்ப்பங்கள், ஒவ்வொன்றும் எந்த வருடம், குணமாக எவ்வளவு காலம் எடுத்தது, பாவிக்கும் மருந்துகள், குடும்பத்தில் ஒற்றைத் தலைவலி இருக்கிறதா. நம்மவர்கள் சிலர் இங்கே ஒளிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குக் கவனக்குறைபாடு என்று எழுதினால் கோச் ஒதுக்கிவிடுவார் என்ற பயம். இது அணித் தெரிவு இல்லை, மருத்துவப் பதிவு. மறைத்தால் அளவே பிழைக்கும்.

உள்ளே என்ன நடக்கும்

பெரும்பாலான இடங்களில் ஸ்காட் 6 (SCAT6) என்ற மூளை அதிர்வு மதிப்பீட்டுப் படிவத்தைப் பாவிப்பார்கள். 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அது. 8 முதல் 12 வரையான பிள்ளைகளுக்குத் தனிப் படிவம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது. அதைவிட வேகமாக முடித்து அனுப்பினால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 22 அறிகுறிகளின் பட்டியல். தலையிடி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், தலைக்குள் புகைமூட்டம் போன்ற உணர்வு, நித்திரை வராமை, எரிச்சல் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை புள்ளி. கூட்டினால் அதிகபட்சம் 132. இங்கே பலர் எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிட்டு நல்ல பெயர் வாங்கப் பார்ப்பார்கள். உண்மையில் நல்லாக இருக்கிறவர்களிலும் நிறையப் பேருக்குக் களைப்பும் நித்திரைக் குறைவும் இருக்கும், பதின்ம வயதினரைக் கேட்கவே வேண்டாம். இருப்பதை இருப்பதாகப் போடுங்கள். வழமையாகவே களைப்புக்கு 2 போடுகிறவருக்கு, அடிபட்ட பிறகும் அதே 2 வந்தால் வைத்தியருக்கு அது ஒரு தகவல்.

அடுத்தது மாதம், திகதி, கிழமை, வருடம், நேரம் என்ற ஐந்து கேள்விகள். அதன் பிறகு பத்துச் சொற்களை ஒரு செக்கனுக்கு ஒன்று வீதம் வாசிப்பார்கள். ஞாபகம் உள்ளவற்றை எந்த ஒழுங்கிலும் சொல்லலாம். இதே பட்டியலை மூன்று தரம் செய்வார்கள், ஆகவே மொத்தம் 30. படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் சொற்களைப் பாடமாக்கிவிட்டுப் போகாதீர்கள். அதில் மாற்றுப் பட்டியல்களும் உண்டு, அதோடு நீங்கள் ஏமாற்றுவது உங்களையே.

பிறகு இலக்கங்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். 7-1-5 என்று வாசித்தால் 5-1-7. மூன்றில் தொடங்கி ஆறு இலக்கம் வரை போகும். ஆறில் நிறையப் பேர் விழுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைத் தொடர்ந்து மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கி வேகமாகச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் மொழி பற்றி ஒரு வார்த்தை. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் செய்வதே சரி. முப்பது வயதில் இங்கே வந்து சேர்ந்த ஒருவருக்கு, அவசரமாக ஆங்கிலச் சொல் பத்தை ஞாபகம் வைத்திருப்பது வேறு கதை. புள்ளி குறைந்தால் அது மூளையின் குறையா மொழியின் குறையா என்று பிரிக்க முடியாது. அப்படிப்பட்டவர் எந்த மொழியில் செய்தார் என்பதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அடிபட்ட பிறகும் அதே மொழியில்தான் செய்ய வேண்டும். ஒருமுறை ஆங்கிலம், மறுமுறை மொழிபெயர்ப்பாளரோடு தமிழ் என்றால் இரண்டையும் ஒப்பிட வழியில்லை.

சமநிலைப் பகுதி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இடுப்பில் கை, கண் மூடி, மூன்று விதமாக நிற்க வேண்டும்: இரண்டு காலையும் சேர்த்து, ஒற்றைக் காலில், பிறகு முன் காலின் குதியைப் பின் காலின் விரல்கள் தொடும்படி. ஒவ்வொன்றும் 20 செக்கன். கண் திறந்தால், கை இடுப்பை விட்டால், தடுமாறினால் ஒரு பிழை. அதன் பிறகு மூன்று மீற்றர் நீளக் கோட்டில் குதியும் விரலும் ஒட்ட நடந்து, திரும்பி வர வேண்டும், நேரம் எடுப்பார்கள். சப்பாத்தோடு செய்தீர்களா வெறுங்காலோடா, தரை எப்படி என்பதும் பதிவில் இருக்க வேண்டும். கடைசியாக, குறைந்தது ஐந்து நிமிடம் கழிந்த பிறகு, அந்தப் பத்துச் சொற்களை மறுபடி கேட்பார்கள். எல்லாரும் மறந்துபோன நேரத்தில் வரும் கேள்வி இது.

சில கிளினிக்குகள் இம்பாக்ட் என்ற கணினிப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யும். ஞாபகம், வேகம், எதிர்வினை நேரம் ஆகியவற்றை அளக்கும், ஏறக்குறைய 25 நிமிடம் எடுக்கும். இன்னொன்று கிங்-டெவிக்: அட்டைகளில் சிதறிக் கிடக்கும் இலக்கங்களை வேகமாக வாசித்து முடிக்கும் நேரத்தை எடுப்பது. கூடுதல் பரிசோதனை என்றால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துப் பெரிய பொதி வாங்கத் தேவையில்லை.

வேண்டுமென்றே குறைவாகச் செய்வது

அமெரிக்கக் கால்பந்தில் பெயர் போன பெய்ட்டன் மானிங் 2011இல் ஒரு பேட்டியில், முதல் பரிசோதனையை வேண்டுமென்றே மோசமாகச் செய்வதாகச் சொன்னார். பின்னர் அடிபட்டாலும் புள்ளி பெரிதாக விழாது, விளையாட விடுவார்கள் என்பது கணக்கு. வேடிக்கைக்குச் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். வேடிக்கையோ உண்மையோ, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் தந்திரம் நன்றாகவே தெரியும். கணினிப் பரிசோதனைகளில் சந்தேகமான முடிவுகளைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு, ஆனால் எல்லாம் பிடிபடாது. பெற்றோர் செய்யக்கூடியது, முதல் நாளே இருத்திக் கதைப்பதுதான். மூளை அதிர்வு ஆற முன்னர் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகலாம் என்பதற்கு ரோவனின் கதையை விடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

அடிபட்டால்

இங்கேதான் பேஸ்லைனைப் பற்றிய மிகப் பெரிய தவறு நடக்கிறது. அடிபட்டதும் தாளை எடுத்துக்கொண்டு மைதான ஓரத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, ‘புள்ளி சரி, போய் விளையாடு’ என்று கோச் சொல்வது. பேஸ்லைன் அதற்காக இல்லை. சந்தேகம் வந்தால் ஆளை எடுங்கள், அன்றைக்கு மறுபடி இறக்காதீர்கள். ஒப்பிடுவது வைத்தியரின் வேலை.

2019 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அவர் வெளியே போய், பரிசோதனைகளில் தேறி, அன்றே திரும்பி வந்து துடுப்பெடுத்தாடினார். மறுநாள் காலையில்தான் அறிகுறிகள் தெரிந்தன. மார்னஸ் லபுஷேன் அவருக்குப் பதிலாக இறங்கி, டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரர் ஆனார். ஸ்மித் அடுத்த டெஸ்ட்டையும் தவறவிட்டார். சர்வதேச அணியின் வைத்தியர் பக்கத்தில் இருந்தே இப்படி என்றால், நம் பூங்கா மைதானத்தில் என்ன நிச்சயம்?

கழுத்து நோ, இரட்டையாகத் தெரிதல், கைகால் விறைப்பு அல்லது பலமின்மை, வலிப்பு, நினைவிழப்பு, சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வரவரக் குழப்பம் அல்லது மயக்க நிலை. இதில் ஒன்று இருந்தாலும் 911. கழுத்தில் காயம் இருக்கலாம் என்றால் ஆளை அசைக்கவோ, ஹெல்மெட்டைக் கழற்றவோ வேண்டாம். ஹெல்மெட் பற்றிச் சொன்னால், அது மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. நல்ல ஹெல்மெட்தான் போட்டிருந்தான் என்பது ஆறுதலுக்கு மட்டும்.

அப்படி எதுவும் இல்லாவிட்டால், தனியே விடாமல் கவனித்துக்கொண்டு, வைத்தியரிடம் சீக்கிரம் நேரம் எடுங்கள். ஸ்காட் படிவம் முதல் 72 மணித்தியாலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஒரு கிழமை கடந்தால் வைத்தியர்கள் வேறு படிவம் பாவிப்பார்கள். போகும்போது பேஸ்லைன் பிரதியைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். கணினியில் இருக்கும், அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு கிளினிக்கின் கோப்பு இன்னொன்றுக்குத் தானாகப் போவதில்லை.

முதல் 24 முதல் 48 மணித்தியாலம் வரை ஓய்வு, திரை நேரத்தைக் குறைத்தல். இருட்டறையில் நாட்கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறை இப்போது இல்லை. இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து மெதுவான நடை நல்லது. அப்புறம் படிப்படியாக: லேசான உடற்பயிற்சி, விளையாட்டுக்குரிய தனிப் பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி. வைத்தியரின் அனுமதிக்குப் பிறகே முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பாடசாலைக்கு முழுமையாகத் திரும்பாத பிள்ளை போட்டிக்குத் திரும்பக் கூடாது. பெரும்பாலானோர் நான்கு கிழமைக்குள் சரியாகிவிடுவார்கள். அதைத் தாண்டினால் விசேட கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பேஸ்லைன் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன என்பது மட்டும் அனுமதி ஆகாது. தலையிடி இன்னும் இருந்தால், புள்ளி எவ்வளவு நல்லாக இருந்தாலும், ஆள் இன்னும் ஆறவில்லை.

மறுபடி எப்போது

வளரும் பிள்ளையின் மூளை வருடா வருடம் மாறும். பன்னிரண்டு வயதில் எடுத்த அளவு பதினான்கில் உதவாது, ஆகவே செய்வதென்றால் ஒவ்வொரு சீசனுக்கும் முன் செய்யுங்கள். வளர்ந்தவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். மூளை அதிர்வு வந்து முழுமையாகக் குணமானால் பழையதை நம்பாமல் புதிதாக ஒன்று எடுங்கள். பழைய தாளை எறியாதீர்கள். திகதியோடு ஒரே கோப்பில் வைத்து, ஒரு படமெடுத்துப் பெற்றோர் இருவரின் தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ச் சுற்றுப்போட்டிக்குக் கூட்டிப்போகிறவர் எப்போதும் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.